கத்தி விற்பனையும் வயது வரம்பும்: பிரிட்டன் சட்டம் நடந்து வந்த வழி

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 18 வயது நிறையாத ஒருவருக்குக் கத்தி விற்பது குற்றம். 1988ஆம் ஆண்டுக் குற்றவியல் நீதிச் சட்டத்தின் 141ஏ பிரிவு அப்படிச் சொல்கிறது. வாங்க வந்த சிறுவனுக்கு அந்தப் பிரிவில் தண்டனை எதுவும் இல்லை. பெற்றோர் தம் பிள்ளை கையில் ஒரு கத்தியைக் கொடுப்பதையும் அது தொடுவதில்லை. காசை வாங்கிக்கொண்டு கத்தியைக் கைமாற்றியவர் மட்டுமே பதில் சொல்ல வேண்டியவர். அவருக்குச் சிறையோ, உச்சவரம்பு இல்லாத அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். வயது வரம்பு என்றாலே பேச்சு எண்ணைச் சுற்றித்தான் ஓடும்: 16 போதுமா, 18 வேண்டுமா என்று. ஆனால் இந்த வரம்பு வந்த நாள்முதல் இங்கிலாந்தில் அந்த எண் ஒரே ஒரு முறைதான் மாறியிருக்கிறது. திரும்பத் திரும்ப மாறியது, வயதை யார், எங்கே, எந்த நேரத்தில் சரிபார்க்க வேண்டும் என்பதுதான். இந்த வரம்பு பயன் தந்த இடங்களும் கோட்டைவிட்ட இடங்களும் அந்தக் கேள்வியைத் தொடர்ந்து போனால்தான் புலப்படும்.

கத்தியைப் பற்றிய பிரிட்டன் சட்டங்கள் தொடக்கத்தில் வயதைக் கருதவே இல்லை. 1953ஆம் ஆண்டுக் குற்றத் தடுப்புச் சட்டம் தகுந்த காரணமின்றிப் பொது இடத்தில் ஆயுதம் வைத்திருப்பதைத் தடுத்தது. தாக்குவதற்கென்றே செய்த பொருளானால் வழக்கு எளிது. காய் நறுக்கும் கத்தியானால், தாக்கும் நோக்கத்தோடுதான் அதை எடுத்துவந்தார் என்று அரசுத் தரப்பு மெய்ப்பிக்க வேண்டியிருந்தது. 1959இல் பொத்தானை அழுத்தினால் பாய்ந்து விரியும் கத்திகளின் தயாரிப்பும் விற்பனையும் தடைசெய்யப்பட்டன. 1988ஆம் ஆண்டுச் சட்டத்தின் 139ஆம் பிரிவு ஒரு பெரிய திருப்பம். சிறு மடக்குப் பேனாக்கத்தியைத் தவிர அலகுள்ள எதையும் பொது இடத்தில் வைத்திருந்தால் அதற்கு நல்ல காரணம் உண்டென்று வைத்திருப்பவரே காட்ட வேண்டும் என்று அது மெய்ப்பிக்கும் சுமையை மாற்றி வைத்தது. வேலைக்குப் போகும் சமையற்காரர், சமயக் கத்தியான கிர்பானை அணியும் சீக்கியர் போன்றோருக்கு அதிலேயே வழி விடப்பட்டிருந்தது.

விற்பனைக்கு வயது வரம்பு வந்தது ஒரு துயரத்தின் பின்னால். 1995 டிசம்பரில் இலண்டன் பள்ளி ஒன்றின் வாசலில், தன் மாணவனைக் காப்பாற்றப் போன தலைமையாசிரியர் பதின்வயதுச் சிறுவன் ஒருவனால் குத்திக் கொல்லப்பட்டார். நாடு முழுவதையும் உலுக்கிய அந்தக் கொலைக்குப் பின் லேடி ஓல்கா மெய்ட்லண்ட் என்ற நாடாளுமன்ற உறுப்பினர் கொண்டுவந்த தனிநபர் மசோதா 1996ஆம் ஆண்டு ஆயுதச் சட்டமாயிற்று. 141ஏ பிரிவு அதன் வழியே 1988ஆம் ஆண்டுச் சட்டத்துக்குள் சேர்ந்தது. அப்போது வரம்பு 16. அடுத்த ஆண்டே வந்த கத்திகள் சட்டம், ஒரு கத்தியைச் சண்டைக்கு ஏற்றது என்று சொல்லி விளம்பரம் செய்வதைக் குற்றமாக்கியது. 2006ஆம் ஆண்டு வன்முறைக் குற்றக் குறைப்புச் சட்டம் 16ஐ 18 ஆக உயர்த்தியது. 2007 அக்டோபர் 1 முதல் அது நடைமுறையில் இருக்கிறது.

எந்தப் பொருளுக்கு வயது கேட்க வேண்டும் என்பது, கேட்பதற்கு எளிய கேள்விபோல் இருந்தாலும், கல்லாவில் நிற்பவருக்கு அன்றாடத் தலைவலி. கத்தி, கத்தியின் அலகு, சவர அலகு, கோடரி ஆகியவற்றைச் சட்டம் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. இவற்றைத் தவிர, அலகோ கூர்முனையோ உடைய பிற பொருள்கள், மனிதரைக் காயப்படுத்தவென்றே செய்யப்பட்டவையாகவோ மாற்றப்பட்டவையாகவோ இருந்தால் மட்டும் உள்ளே வரும். ஆகவே வீட்டுச் சமையலறைக் கத்தி ஐயத்துக்கிடமின்றி வரம்புக்குள் இருக்கிறது. அது எதற்காகச் செய்யப்பட்டது என்று யாரும் கேட்பதில்லை. கத்தி என்பதே போதும். தையற் கத்தரிக்கோலும் தோட்டத்துக் கத்தரியும் அந்தப் பட்டியலில் இல்லை. ஆனாலும் பல கடைகள் பாதுகாப்புக் கருதித் தங்கள் சொந்த விதியாக அவற்றுக்கும் வயது கேட்கின்றன. வாங்குபவர் கண்ணுக்குச் சட்டமும் கடை விதியும் ஒன்றுபோலவே தெரிவதால், சட்டம் பித்துப்பிடித்துப் போய்விட்டது என்ற குறை எழுகிறது. அந்தக் குறையில் ஒரு பகுதி சட்டத்துக்கு உரியதே அல்ல.

அலகு என்பது என்ன என்று நீதிமன்றங்கள் சொன்ன தீர்ப்புகளில் பல, விற்பனையைப் பற்றியவை அல்ல. பொது இடத்தில் வைத்திருந்த வழக்குகளில் வந்தவை. 1998இல் மேல்முறையீட்டு நீதிமன்றம், திருப்புளி அலகுள்ள பொருள் ஆகாது என்றது. 2005இல் உயர் நீதிமன்றம், வெட்டும் விளிம்போ கூர்முனையோ இல்லாத வெண்ணெய்க் கத்திகூட அலகுள்ள பொருள்தான் என்றது. திருப்புளியால் ஒருவரைக் கொல்ல முடியும், வெண்ணெய்க் கத்தியால் ரொட்டிமேல் பூசத்தான் முடியும் என்று எண்ணும் சாதாரண வாசகருக்கு இது தலைகீழாகத் தோன்றக்கூடும். நீதிமன்றத்தின் நிலை வேறு. காவலரோ கடைக்காரரோ ஒவ்வொரு கத்தியின் கூர்மையையும் விரலால் தடவிப் பார்த்து முடிவெடுக்கும் நிலை வரக்கூடாது, கோடு தெளிவாக இருக்க வேண்டும் என்பதே அதன் அடிப்படை. கல்லாவின் பக்கம் நின்று பார்த்தால் இது நியாயமான முடிவு.

விலக்குகள் இரண்டு. வெட்டும் விளிம்பு 7.62 சென்டிமீட்டருக்கு, அதாவது மூன்று அங்குலத்துக்கு மேற்படாத மடக்குப் பேனாக்கத்தியை எவருக்கும் விற்கலாம். விரித்தபின் பூட்டிக்கொண்டு நிற்கும் கத்திக்கு, அளவு எவ்வளவு சிறிதாயினும், இந்த விலக்கு இல்லை. மடக்குக்கத்தி என்றால் எப்போது வேண்டுமானாலும் கைவிசையால் மடங்க வேண்டும். இரண்டாவது விலக்கு சவர அலகுக்கு. அலகு உறைக்குள் நிரந்தரமாகப் பதிந்து, 2 மில்லிமீட்டருக்கும் குறைவாகவே வெளியே தெரியுமானால் வயது பார்க்க வேண்டியதில்லை. அதனால் 16 வயதுப் பையன் உறையிட்ட ரேசரைத் தடையின்றி வாங்கலாம். பழைய பாணி இரட்டை விளிம்பு பிளேடு பாக்கெட்டை அவனுக்கு விற்றால் கடைக்காரர் குற்றவாளி.

கடைக்காரருக்குச் சட்டம் ஒரு காப்பையும் தருகிறது. நியாயமான எல்லா முன்னெச்சரிக்கையையும் எடுத்து, உரிய கவனத்தோடு நடந்துகொண்டதாக அவர் மெய்ப்பித்தால் தண்டனையிலிருந்து தப்பலாம். பையன் பெரியவன் மாதிரி இருந்தான் என்று வாயால் சொன்னால் போதாது. வேலையாள்களுக்குப் பயிற்சி கொடுத்த பதிவு, கத்தியின் பட்டைக்கோட்டை வருடியதும் வயதைக் கேட்கச் சொல்லும் கல்லாக் கணினி, விற்க மறுத்த ஒவ்வொரு முறையையும் எழுதிவைக்கும் மறுப்புப் பதிவேடு ஆகியவை நீதிமன்றத்தில் பேசும். மது விற்பனையிலிருந்து வந்த ‘சேலஞ்ச் 25’ வழக்கம் இங்கும் ஊன்றிவிட்டது. 25 வயதுக்குக் குறைவாகத் தோன்றும் எவரிடமும் அடையாள அட்டை கேட்பது அதன் சாரம். சட்டம் 18 என்கையில் 25 எதற்கு என்றால், முகத்தைப் பார்த்து வயதை ஊகிப்பதில் மனிதர் எளிதில் தவறுகிறார்கள். அந்த ஏழு ஆண்டு இடைவெளி அந்தத் தவறைத் தாங்கிக்கொள்கிறது.

இந்தக் காவல் வேலை செய்கிறதா என்று பார்ப்பது வணிக விதிகளைக் கண்காணிக்கும், உள்ளாட்சிகளின் டிரேடிங் ஸ்டாண்டர்ட்ஸ் அலுவலர்கள். பெற்றோரின் இசைவோடு 18 வயதுக்குட்பட்ட தன்னார்வலரைக் கடைக்குள் அனுப்பிக் கத்தி வாங்கச் சொல்லிச் சோதிக்கிறார்கள். வயதைக் கேட்டால் பொய் சொல்லக்கூடாது என்று அந்தப் பிள்ளைக்கு முன்பே சொல்லிவைப்பது நல்ல நடைமுறை. ஒரு கேள்வி கேட்டாலே பிடிபட்டுவிடும் சோதனை அது. விற்ற வேலையாளும் கடை உரிமையாளரும் இருவருமே வழக்குக்கு உள்ளாகலாம். தண்டனை வழங்கும் நெறிமுறைகள், நிறுவனங்களுக்கு அபராதத்தை அவற்றின் ஆண்டு விற்றுமுதலைப் பார்த்து நிர்ணயிக்கச் சொல்கின்றன. சிறு கடைக்கு வலிக்கும் தொகை பெரிய சங்கிலிக் கடைக்கு எறும்புக்கடி ஆகிவிடும் என்பதால் இது சரியான முறை.

முகத்துக்கு முகம் நடக்கும் இந்தச் சரிபார்ப்பின் வலுவும் எல்லையும் ஒரே இடத்தில் தெரிகின்றன. கல்லாவுக்கு வராத கத்தியை அது தொடாது. அலமாரியிலிருந்து எடுத்துச் சட்டைக்குள் செருகிக்கொண்டு வெளியேறுபவனிடம் யார் வயது கேட்பது? அஸ்டா என்ற பேரங்காடி 2019இல் தனித்தனிச் சமையலறைக் கத்திகளின் விற்பனையை நிறுத்தியது. அதிகம் களவுபோகும் கத்தி வகை அதுதான் என்பது அது சொன்ன காரணம். வேறு கடைகள் கத்திகளைப் பூட்டிய கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தன.

அதைவிடப் பெரிய ஓட்டை வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. 2023 மார்ச்சில் முடிந்த ஆண்டில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் கூரிய கருவிகளால் 244 பேர் கொல்லப்பட்டனர். அவற்றில் மிகுதியாகப் பயன்பட்டது சமையலறைக் கத்தி. ஏறத்தாழ ஐந்தில் இரண்டு கொலைகள் அதனால் நடந்தவை. செய்தித்தாள்களில் படம் போட்டு வரும் விகாரமான பெரிய கத்திகள் அதற்குப் பின்னால்தான். சமையலறை மேசையின் இழுப்பறையைத் திறக்க எவருக்கும் அடையாள அட்டை தேவையில்லை. 2005இல் வெஸ்ட் மிடில்செக்ஸ் மருத்துவமனையின் அவசர சிகிச்சை மருத்துவர்கள் மூவர் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதிய கட்டுரை இந்த இடத்தையே குறிவைத்தது. நீண்ட கூர்முனை உள்ள சமையலறைக் கத்திகளையே தடைசெய்ய வேண்டும் என்றார்கள் அவர்கள். பத்துத் தலைமைச் சமையற்காரர்களிடம் கேட்டதில், கூர்முனை பயன்படும், ஆனால் நீண்ட கூர்முனை இன்றியமையாதது அல்ல, குட்டைக் கத்தியின் முனையே அந்த வேலைக்குப் போதும் என்ற விடை கிடைத்தது. சட்டம் அந்த வழியில் போகவில்லை. ஆயினும் முனை மழுங்கிய சமையலறைக் கத்திகளைச் சில தயாரிப்பாளர்கள் விற்கிறார்கள். 2025இல் நடிகர் இட்ரிஸ் எல்பா அதற்காகப் பேசியபோது கோரிக்கை மறுபடி மேலெழுந்தது. வயது வரம்பு வாங்குபவரைப் பார்க்கிறது, இந்தக் கோரிக்கை பொருளைப் பார்க்கிறது. வீட்டு இழுப்பறைக்குள் எட்டக்கூடியது இரண்டாவதுதான் என்பதால், மருத்துவர்களின் வாதத்தை இத்தனை ஆண்டுகள் கிடப்பில் போட்டது வருந்தத்தக்கது.

18 என்ற எண்ணால் நெருக்கப்படுபவர்களும் இருக்கிறார்கள். இங்கிலாந்தில் 16 வயதில் பள்ளிப் படிப்பை முடித்துச் சமையல் தொழிற்பயிற்சியில் சேரலாம். அப்படிச் சேர்ந்த இளைஞன் நாளெல்லாம் இறைச்சிக் கத்தியோடு வேலை செய்யலாம். நல்ல காரணம் இருப்பதால் அதை வேலையிடத்துக்கு எடுத்துச்செல்லவும் செய்யலாம். கடையில் வாங்க மட்டும் முடியாது. கல்லூரியோ பெற்றோரோ முதலாளியோ வாங்கித்தர வேண்டும். அரசுப் பராமரிப்பிலிருந்து 16, 17 வயதில் தனி அறைக்குப் போகும் பிள்ளைக்கு, வாங்கித்தரப் பெற்றோரும் பக்கத்தில் இல்லை. வெங்காயம் நறுக்க ஒரு கத்தி வாங்க இயலாமல் நிற்கும் அந்தப் பிள்ளையின் சங்கடம் சிறியதல்ல. ஸ்காட்லாந்து இதற்கு விடை கண்டிருக்கிறது. அங்கும் பொது வரம்பு 18தான். ஆனால் வீட்டு உபயோகத்துக்கென்று செய்யப்பட்ட கத்தியை 16 வயது நிறைந்தவருக்கு விற்கலாம். மறுபுறம், வீட்டு உபயோகத்துக்கு அல்லாத கத்திகளை விற்பவர்கள் அங்கே உரிமம் பெற வேண்டும். ஒரே தீவில், ஒரே பேரங்காடியின் இரு கிளைகளில், ஒரே கத்திக்கு எல்லைக்கு இப்பால் ஒரு வயது, அப்பால் ஒரு வயது. ஸ்காட்லாந்தின் ஏற்பாடு இளையோரின் வாழ்க்கையைக் கூடுதலாக எண்ணிப் பார்த்தது என்றே சொல்ல வேண்டும். சமையலறைக் கத்தியே அதிகக் கொலைகளில் பயன்படுகிறது என்ற உண்மை அதற்கு எதிராக நிற்பதையும் மறைக்க முடியாது.

 

இணைய விற்பனை வந்தபோது கல்லாவே மறைந்துபோனது. முகம் இல்லை, கை இல்லை. ‘எனக்கு 18 வயது நிறைந்துவிட்டது’ என்ற வரிக்கு எதிரே ஒரு கட்டத்தில் குறியிட்டால் முடிந்தது. 2018இல் அரசு கொண்டுவந்த ஆயுத மசோதா இதற்குக் கடுமையான மருந்தை எழுதியது: இணையத்தில் விற்ற அலகுள்ள பொருள்களை வீட்டு முகவரிக்கு அனுப்பவே கூடாது. எதிர்ப்பு ஷெஃபீல்டிலிருந்து வந்தது. 1624இல் நாடாளுமன்றச் சட்டத்தால் நிறுவப்பட்ட கத்திக் கொல்லர் சங்கம் இன்றும் இருக்கும் ஊர் அது. அங்கே சிறு பட்டறைகளில் கையால் கத்தி அடிப்பவர்கள் கடை வைத்திருப்பதில்லை. உலகெங்கும் உள்ள சமையற்காரர்களும் தச்சர்களும் அவர்களிடம் நேரடியாக வாங்குகிறார்கள். வீட்டுக்கு அனுப்ப முடியாது என்றால் அந்தத் தொழில் முடங்கும், வெளிநாட்டு விற்பனையாளரோ கட்டுப்பாடின்றி அனுப்பிக்கொண்டிருப்பார் என்று அவர்கள் வாதாடினார்கள். மேலவையில் மசோதா திருத்தப்பட்டது. வீட்டுக்கு அனுப்பலாம், ஆனால் வாசலில் வயது பார்த்தே கொடுக்க வேண்டும் என்ற வடிவில் 2019ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் நிறைவேறியது. ஒரு பழைய தொழிலைக் காப்பாற்றியபடியே சரிபார்ப்பைச் சரியான இடத்துக்கு நகர்த்திய திருத்தம் அது.

அந்தச் சட்டத்தின் விற்பனைப் பிரிவுகள் 2022 ஏப்ரல் 6 முதல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் நடைமுறைக்கு வந்தன. தொலைவிலிருந்து விற்றவர் இளையவர் ஒருவருக்கு விற்றுவிட்டால், உரிய கவனம் எடுத்தேன் என்று தப்ப வேண்டுமானால் நான்கைக் காட்ட வேண்டும். வாங்குபவரின் வயதைச் சரிபார்க்கும் முறை தன்னிடம் இருந்தது. பொட்டலத்தின் மேல், உள்ளே அலகுள்ள பொருள் இருக்கிறது, 18 வயது நிறைந்தவரிடமே தர வேண்டும் என்று எழுதியிருந்தது. அப்படித் தருவதற்கு ஏற்பாடு செய்திருந்தது. பூட்டுப்பெட்டி நிலையத்துக்கு அதை அனுப்பவில்லை. வெளிநாட்டு விற்பனையாளரைப் பிரிட்டன் நீதிமன்றம் எட்டுவது அரிது என்பதால், அவரோடு ஒப்பந்தம் செய்து, பொட்டலத்தில் இருப்பது அலகுள்ள பொருள் என்று தெரிந்தே கொண்டுவரும் கூரியர் நிறுவனத்தின் தலையில் பொறுப்பு வைக்கப்பட்டது. கல்லாவில் நின்ற கடமை இப்படியாகக் கதவு மணியை அழுத்தும் ஓட்டுநரின் கைக்கு வந்து சேர்ந்தது.

வீட்டுக்கு அனுப்புவதற்கென்று இச்சட்டம் ஒரு புதிய வரையறையையும் வகுத்தது. அலகாக இருப்பதோ அலகு உடையதோ எதுவாயினும், தோலைக் கிழித்துக் கடும் காயம் உண்டாக்க வல்லதானால் அது அதில் அடங்கும். கத்தி என்ற பெயர் இங்கே தேவையில்லை. பிரிட்டனில் ஈழத்தமிழர் நடத்தும் மளிகைக் கடைகளுக்கு இது நேரடியாகப் பொருந்தும் செய்தி. தேங்காய் துருவும் நாக்கோடு கூடிய அரிவாள்மணை அந்தக் கடைகளில் விற்கும் பொருள். அது 1988ஆம் ஆண்டுச் சட்டம் சொல்லும் கத்தியா என்று வழக்கறிஞர்கள் வாதாட இடமுண்டு. ஆனால் அதை இணையத்தில் விற்று வீட்டுக்கு அனுப்பினால், 2019ஆம் ஆண்டு வரையறைக்குள் அது வருவதில் ஐயமில்லை. சட்டத்தை எழுதியவர்கள் அரிவாள்மணையைப் பார்த்திருக்கவும் மாட்டார்கள்; பெயரை விட்டுச் செயலைப் பிடித்ததால் அதுவும் உள்ளே வந்துவிட்டது. கடைக்காரர் வயது கேட்டே விற்பதும், மறுப்புப் பதிவேட்டைத் தமிழிலாவது எழுதிவைப்பதும் அவரைக் காக்கும்.

இவ்வளவு கட்டியும் சுவரில் இடைவெளி இருந்தது. 2022 ஜூனில் வுல்வர்ஹாம்ப்டன் நகரில் 16 வயதுச் சிறுவன் ஒருவன், வேறொருவன் என்று தவறாக எண்ணப்பட்டு, தன் வீட்டருகே கொல்லப்பட்டான். கொன்றவர்களும் அதே வயதினர். அவர்களில் ஒருவன் தாயின் பெயரில் இணையத்தில் நிஞ்சா வாளை வாங்கி அஞ்சலகத்தில் போய்ப் பெற்றுக்கொண்டிருந்தான். 2024 ஜூலையில் சவுத்போர்ட் நகரின் நடன வகுப்பில் மூன்று சிறுமிகளைக் கொன்றவனும் 17 வயதிலேயே இணையக் கடை வழியாகக் கத்தி வாங்கியிருந்தான். வயது சரிபார்ப்பு இருந்தது. ஆனால் சரிபார்க்கப்பட்ட மனிதரும் பொருளைக் கையில் வாங்கிய மனிதரும் ஒருவரே என்பதை யாரும் உறுதிசெய்யவில்லை. இந்த இடைவெளியில் பிள்ளைகள் மடிந்தார்கள் என்பதை மென்மையாகச் சொல்ல வழியில்லை.

வுல்வர்ஹாம்ப்டன் சிறுவனின் குடும்பம் விடாது போராடியது. அவன் பெயரால் அழைக்கப்படும் நடவடிக்கைகளை 2025 பிப்ரவரியில் அரசு அறிவித்தது. அந்த அறிவிப்பின்படி, வாங்கும்போது ஒளிப்படமுள்ள அடையாள ஆவணத்தைக் காட்ட வேண்டும். பொட்டலத்தைப் பெறும்போது மறுபடியும் காட்ட வேண்டும். வாங்கியவரிடமே கொடுக்க வேண்டும், அதே வீட்டின் வேறொரு பெரியவரிடம்கூடக் கொடுக்கக்கூடாது. வாசற்படியில் வைத்துவிட்டுப் போகக்கூடாது. மொத்தமாகவோ ஐயத்துக்கிடமாகவோ கத்தி வாங்குபவரைப் பற்றி விற்பனையாளர் காவல்துறைக்குத் தெரிவிக்க வேண்டும். இளையோருக்கு விற்பவருக்கான உச்சச் சிறைத்தண்டனை ஆறு மாதத்திலிருந்து இரண்டு ஆண்டாகும். இவற்றுக்கான குற்றம் மற்றும் காவல் மசோதா அதே மாதம் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்டது. நிஞ்சா வாள்களைப் பொறுத்தவரை வயது என்ற பேச்சுக்கே இடமில்லாமல் போயிற்று. 2025 ஆகஸ்ட் 1 முதல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் அவற்றை விற்பதும் வைத்திருப்பதும், சட்டம் அனுமதிக்கும் சில விலக்குகள் நீங்கலாக, எந்த வயதினருக்கும் குற்றம்.